டெசிபலில் தொடங்குங்கள்

அமெரிக்காவில் ஒரு வானொலி நிலையத்தின் டிரான்ஸ்மிட்டரைப் பராமரிக்கும் டெக்னீஷியனுக்கு இன்று அரசு எந்தத் தேர்வும் வைப்பதில்லை. அந்தப் பொறுப்பைத் துறையினரே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 1964-இல் உருவாகி, இண்டியானாபொலிஸ் நகரிலிருந்து இயங்கும் ஒலிபரப்புப் பொறியாளர் சங்கம் 1970-களின் நடுவிலிருந்து சான்றிதழ்த் தேர்வுகளை நடத்திவருகிறது. கருவிகளை இயக்குபவருக்கு ஒரு படி, டெக்னீஷியனுக்கு ஒரு படி, பொறியாளருக்கும் மூத்த பொறியாளருக்கும் அடுத்தடுத்த படிகள் என்று அது உயர்ந்துகொண்டே போகிறது. டெக்னீஷியன் படிக்கான தேர்வில், கொடுத்திருக்கும் விடைகளிலிருந்து சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலி, காட்சி, ரேடியோ அலை, கணினி வலையமைப்பு, அரசு விதிகள், பாதுகாப்பு என்று பாடத்திட்டம் பரந்து கிடப்பதைப் பார்த்ததும், தயாராகிறவர்களில் பலர் மாதிரி வினாத்தாள்களைத் தேடி எடுத்து விடைகளை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அந்த வழி நீண்டது, பலனும் குறைவு. இந்தத் துறை அகலமாகத் தெரிந்தாலும் அதன் அடியில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில இயற்பியல் உறவுகள். அவற்றைப் பிடித்துக்கொண்டவருக்கு நூற்றுக்கணக்கான கேள்விகள் ஒரே கேள்வியின் வேறுவேறு வடிவங்களாகத் தெரியும். விடைகளைச் சேகரிப்பவருக்கோ ஒவ்வொரு கேள்வியும் தனிச் சுமை.

மனப்பாட வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்க ஒலிபரப்பின் வரலாறே சான்று. ஒரு காலத்தில் அங்கே கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் நேரடியாகத் தேர்வு வைத்து, முதல் வகுப்பு ரேடியோ டெலிஃபோன் உரிமம் வழங்கியது. பல நிலையங்களில் டிரான்ஸ்மிட்டரைக் கவனிக்க இந்த உரிமம் பெற்ற ஒருவர் பணியில் இருந்தாக வேண்டும். தனியாக ஒரு பொறியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாத சிறு நிலையங்கள், உரிமம் வைத்திருக்கும் அறிவிப்பாளர்களைத் தேடின. வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அறிவிப்பாளர்கள் இந்தத் தேர்வை எழுதினார்கள். அவர்களுக்காகவே சில வாரங்களில் தேர்ச்சிக்குத் தயார்செய்யும் பள்ளிகள் முளைத்தன. வினா-விடைத் தொகுப்புகளை உருப்போட்டு உரிமம் வாங்கியவர்களில் பலரால் ஒரு சாதாரணக் கோளாறைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. கோளாறு வந்தால் வெளியிலிருந்து பொறியாளரை அழைக்க வேண்டியிருந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஆணையம் இந்த உரிமத் தேவையைக் கைவிட்டது. கருவிகள் மேம்பட்டிருந்தன, விதிகளைத் தளர்த்தும் கொள்கையும் அப்போது ஓங்கியிருந்தது. ஆனால் அந்த உரிமம் திறமைக்கு அத்தாட்சி என்ற மதிப்பை அதற்கு முன்பே பெரிதும் இழந்துவிட்டது. இன்றைய சான்றிதழைத் தேடுகிறவர்கள் இந்தக் கதையை மறக்கக் கூடாது. உருப்போட்டு வாங்கும் ஒவ்வொரு சான்றிதழும் அதை வைத்திருக்கும் மற்ற எல்லோருடைய மதிப்பையும் சிறிது குறைக்கிறது.

அறிந்தவர் மனமும் புதியவர் மனமும் ஒரே கேள்வியை எப்படி வேறாகப் பார்க்கின்றன என்பதை 1981-இல் மிஷலீன் சீ, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் ஆகிய மூவர் ஓர் ஆய்வில் காட்டினார்கள். இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து, ஒரே இனத்தைச் சேர்ந்தவற்றை ஒன்றாக அடுக்கச் சொன்னார்கள். பாடத்தை அண்மையில் முடித்த மாணவர்கள் சாய்தளம் உள்ள கணக்குகளை ஒரு குவியலாகவும் சுருள்வில் உள்ளவற்றை இன்னொரு குவியலாகவும் வைத்தார்கள். ஆழ்ந்த பயிற்சி பெற்றவர்களோ படத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொருட்படுத்தவில்லை. ஆற்றல் அழியாமை விதியால் தீர்பவை ஒரு குவியல், நியூட்டனின் இரண்டாம் விதியால் தீர்பவை ஒரு குவியல் என்று பிரித்தார்கள். டெக்னீஷியன் தேர்வில் நடப்பதும் இதுதான். டிரான்ஸ்மிட்டர் கேள்வி, மைக்ரோஃபோன் கேள்வி, கேபிள் கேள்வி என்று பிரித்துப் படிப்பவர் சாய்தளத்தையும் சுருள்வில்லையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த மூன்றிலும் கேட்கப்படுவது பெரும்பாலும் டெசிபல்தான்.

டெசிபல் ஒரு விகிதத்தைச் சொல்லும் முறை. ஒரு திறன் இன்னொரு திறனைப்போல எத்தனை மடங்கு என்பதை மடக்கையில் சொல்கிறது. இதில் மனத்தில் இருத்த வேண்டியவை இரண்டே எண்கள்: 10 டெசிபல் என்றால் 10 மடங்கு, 3 டெசிபல் என்றால் ஏறத்தாழ 2 மடங்கு. மடக்கையில் கூட்டல் என்பது உண்மையில் பெருக்கல், கழித்தல் என்பது வகுத்தல். எனவே 6 டெசிபல் என்றால் 4 மடங்கு, 9 என்றால் 8 மடங்கு, 12 என்றால் 16 மடங்கு. 10-இலிருந்து 9-ஐக் கழித்தால் 1 டெசிபல், அதாவது 10-ஐ 8-ஆல் வகுத்த 1.25 மடங்கு. 12-இலிருந்து 10-ஐக் கழித்தால் 2 டெசிபல். 16-ஐ 10-ஆல் வகுத்த 1.6 மடங்கு. கால்குலேட்டர் 1.259 என்றும் 1.585 என்றும் சொல்லும். சரியான விடையை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய நம் கணக்கே போதும். இனி ஓர் எஃப்.எம். நிலையத்தை எடுத்துக்கொள்வோம். டிரான்ஸ்மிட்டரிலிருந்து 5 கிலோவாட் வெளிவருகிறது, கேபிளில் 1 டெசிபல் இழப்பு, ஆன்டெனாவின் ஆதாயம் 3 டெசிபல். பயனுறு கதிர்வீச்சுத் திறன் எவ்வளவு? மொத்தத்தில் 2 டெசிபல் கூடுகிறது, 5-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 8 கிலோவாட். அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம்: உரிமம் 10 கிலோவாட்டுக்கு என்றால் டிரான்ஸ்மிட்டரை எவ்வளவில் ஓட்ட வேண்டும்? 10-ஐ 1.6-ஆல் வகுத்தால் சுமார் 6.25 கிலோவாட். முதல் கேள்வியின் விடையை மட்டும் மனப்பாடம் செய்தவர் இரண்டாவதில் நின்றுவிடுவார்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. திறனுக்கு மடக்கையை 10-ஆல் பெருக்குகிறோம், மின்னழுத்தத்துக்கு 20-ஆல் பெருக்குகிறோம். ஏன் என்று கேட்காமல் இரண்டு சூத்திரங்களாக மனப்பாடம் செய்பவர், தேர்வு அறையில் எது எதற்கு என்று குழம்புவார். காரணம் ஓம் விதியிலேயே இருக்கிறது. மின்தடை மாறாதபோது திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். மடக்கையில் வர்க்கம் என்பது இரட்டிப்பு. அதனால்தான் 10 என்பது 20 ஆகிறது. மின்னழுத்தம் பாதியானால் திறன் கால்பங்காகும், இரண்டு வழியிலும் கணக்கு 6 டெசிபல் குறைவு என்றே வரும். ஒலிக்கருவிகளில் அடிக்கடி வரும் 0.775 வோல்ட் என்ற விசித்திரமான எண்ணும் இங்கிருந்தே பிறக்கிறது. பழைய தொலைபேசிக் கம்பிகளின் 600 ஓம் மின்தடையில் ஒரு மில்லிவாட் திறனை உண்டாக்கத் தேவையான மின்னழுத்தம் அது: 0.001-ஐ 600-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.775. ஸ்டூடியோக் கருவிகளின் வழக்கமான நிலை அதைவிட 4 டெசிபல் மேலே, அதாவது 1.23 வோல்ட். இந்த எண்களைத் தனித்தனியாக நெட்டுருப் போடுவது வீண். ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்தால் பிறகு மறப்பது கடினம்.

அடுத்த பெரிய உறவு எதிரொளிப்பு. ஒரு கேபிளில் செல்லும் அலை, கேபிளின் தன்மைக்குப் பொருந்தாத மின்மறுப்பைச் சந்தித்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. போகும் அலையும் திரும்பும் அலையும் கூடும் இடத்தில் மின்னழுத்தம் உச்சம் தொடுகிறது, எதிர்த்துக்கொள்ளும் இடத்தில் தாழ்கிறது. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள விகிதமே நிலையலை விகிதம். 50 ஓம் கேபிளின் முனையில் 75 ஓம் சுமை இருந்தால் விகிதம் 1.5. விகிதத்திலிருந்து 1-ஐக் கழித்ததை, விகிதத்தோடு 1-ஐக் கூட்டிய தொகையால் வகுத்தால் 0.2, அதன் வர்க்கம் 0.04. அதாவது 4 சதவீதத் திறன் திரும்பி வருகிறது. விகிதம் 2 ஆனால் 11 சதவீதம், 3 ஆனால் 25 சதவீதம். குளிர்கால இரவில் ஆன்டெனாவின் மீது பனிக்கட்டி படிந்தால் அதன் மின்மறுப்பு மாறுகிறது, திரும்பும் திறன் கூடுகிறது, டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் திறனைத் தானே குறைத்துக்கொள்கிறது. இதைப் புரிந்துகொண்ட டெக்னீஷியன், டிரான்ஸ்மிட்டரைக் கழற்றத் தொடங்குவதற்கு முன் திரும்பும் திறனின் அளவைப் பார்ப்பார். கோளாறு கோபுரத்தின் பக்கமா, கட்டடத்துக்குள்ளா என்று முதலில் பிரிப்பார். தேர்வுக் கேள்வி இந்தக் கணக்கைக் கேட்பது அந்த முடிவை எடுக்கும் திறனைச் சோதிக்கத்தான்.

எஃப்.எம். ஸ்டீரியோவைப் பற்றிய கேள்விகளிலும் எண்கள் மிரட்டும்: 15, 19, 23, 38, 53, 57 கிலோஹெர்ட்ஸ். இவற்றை இணைக்கும் திட்டம் மிக அழகானது. 1961-இல் அமெரிக்கா ஸ்டீரியோ முறையை ஏற்றபோது, ஏற்கெனவே வீடுகளில் இருந்த ஒற்றை ஒலிப் பெட்டிகள் பயனற்றுப் போகக் கூடாது என்பது முதல் நிபந்தனை. எனவே இடது, வலது ஒலிகளின் கூட்டுத்தொகை 15 கிலோஹெர்ட்ஸ் வரை வழக்கம்போல் போகிறது. பழைய பெட்டி அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டின் வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி ஏற்றப்படுகிறது. 38-இலிருந்து 15 குறைந்தால் 23, கூடினால் 53. 15-க்கும் 23-க்கும் இடையே விடப்பட்ட வெற்றிடத்தின் நடுவில் 19 கிலோஹெர்ட்ஸ் வழிகாட்டிச் சைகை நிற்கிறது. பெட்டி அதை இரட்டிப்பாக்கி 38-ஐத் திரும்பப் பெறுகிறது. மும்மடங்காக்கினால் 57, நிலையத்தின் பெயரை வானொலித் திரையில் காட்டும் தகவல் அங்கே பயணிக்கிறது. திட்டம் தெரிந்தவருக்கு நினைவில் வைக்க 15, 19 இரண்டும் போதும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். இயற்பியலை வருவிக்கலாம், அரசு விதிகளை எப்படி வருவிப்பது? அவற்றை மனப்பாடம்தானே செய்ய வேண்டும்? உண்மைதான். கோபுர உச்சியின் எச்சரிக்கை விளக்கு அணைந்து 30 நிமிடத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் உடனே விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியில், 30 என்ற எண்ணை எந்தச் சமன்பாடும் தராது. இந்தியாவின் எஃப்.எம்.-இல் உயர் அதிர்வெண்களை முன்கூட்டியே உயர்த்தும் அளவு 50 மைக்ரோசெகண்ட், அமெரிக்காவில் 75 என்பதும் அவ்வாறே ஒரு தேர்வு, ஓர் இயற்கை விதி அல்ல. ஆனால் விதிகளில் பெரும்பகுதி இயற்பியலோடு பின்னிக் கிடக்கிறது. மத்திய அலை நிலையங்களில் கோபுரமே ஆன்டெனா. அதன் உயரம் பெரும்பாலும் கால் அலைநீளத்தை ஒட்டியிருக்கும். 1000 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 300 மீட்டர், அதில் கால்பங்கு 75 மீட்டர். 200 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 61 மீட்டருக்கு மேற்பட்ட கோபுரங்களுக்குப் பொதுவாக வண்ணமும் விளக்கும் தேவை. ஆக, சுமார் 1230 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலிபரப்பும் கால் அலைநீளக் கோபுரம் எதுவும் அந்த விதியிலிருந்து தப்பாது. இன்னொன்று: டிரான்ஸ்மிட்டரின் திறன் அனுமதிக்கப்பட்டதில் 90 சதவீதத்துக்கும் 105 சதவீதத்துக்கும் இடையே இருக்க வேண்டும். மத்திய அலை நிலையத்தில் திறனை அளப்பது ஆன்டெனா மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கி. எனவே மின்னோட்டம் 5 சதவீதம் குறைந்தாலே திறன் 90.25 சதவீதத்துக்கு இறங்கி எல்லையை உரசும். மேல்பக்கம் சுமார் 2.5 சதவீதமே இடம் இருக்கிறது. 90, 105 என்று மட்டும் படித்தவர் மீட்டரில் 10 சதவீதம் குறைந்ததைப் பார்த்து எல்லைக்குள்தான் இருக்கிறோம் என்று நம்பிவிடுவார். உண்மையில் திறன் 81 சதவீதம். நிலையம் விதியை மீறி நிற்கிறது.

மாதிரித் தேர்வுகளை இப்படித் தாழ்த்திப் பேசலாமா என்றும் கேட்கலாம். சங்கமே அவற்றை வழங்குகிறதே. நான் எதிர்ப்பது விடைகளைச் சேர்த்துவைப்பதை; தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பதை அல்ல. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டுத் தம்மைத் தாமே மூன்று முறை சோதித்துக்கொண்டவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது நிலை தலைகீழானது: படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 சதவீதம் மிஞ்சியது, சோதித்துக்கொண்டவர்களுக்கு 61. தேர்வுக்கு முதல்நாள் இரவு படிப்பது பலன் தருவதாகத் தோன்றுவதும், பிறகு எல்லாம் கரைந்துபோவதும் இதனால்தான். விதி எண்களுக்கு இந்தச் சுயசோதனை மிக நல்ல கருவி. கணக்குகளுக்கும் நல்லதுதான், ஒவ்வொரு முறையும் எண்களை மாற்றிப் போட்டால். ஒரே தாளைப் பத்து முறை எழுதுபவர் அந்தத் தாளை மட்டுமே கற்கிறார்.

இதைவிட வலுவான எதிர்ப்பு துறைக்குள்ளிருந்தே வருகிறது. இன்றைய டிரான்ஸ்மிட்டர்களில் கோளாறான பகுதியைக் கழற்றி மாற்றினால் போதும், நிலையமே கணினி வலையமைப்பாக மாறிவிட்டது, ஓம் விதியையும் எதிரொளிப்பையும் இன்னும் ஏன் படிக்க வேண்டும் என்கிறார்கள். மாற்றம் உண்மை, அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறு. எந்தப் பகுதியை மாற்றுவது என்று தெரிய, கோளாறு எங்கே என்று தெரிய வேண்டும். வலையமைப்பு வந்ததால் அடிப்படைகளின் தேவை குறையவில்லை, புதிய அடிப்படைகள் சேர்ந்திருக்கின்றன. உயர்தெளிவுத் தொலைக்காட்சியின் சுருக்கப்படாத சைகையை 1 கிகாபிட் இணைப்பில் அனுப்ப முடியுமா? 1920-ஐ 1080-ஆல் பெருக்கி, ஒரு புள்ளிக்கு 20 பிட், நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டம் என்று போட்டால் 1.24 கிகாபிட் வருகிறது; முடியாது. இதுவும் பெருக்கல்தான், அட்டவணை தேவையில்லை. 2013 பிப்ரவரியில் மான்டானா மாநிலத்தின் கிரேட் ஃபால்ஸ் நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் அவசர எச்சரிக்கைக் கருவிக்குள் யாரோ நுழைந்து, இறந்தவர்கள் கல்லறைகளிலிருந்து எழுந்து தாக்குகிறார்கள் என்ற பொய் எச்சரிக்கையை ஒலிபரப்பினார்கள். தயாரிப்பாளர் வைத்த தொடக்கக் கடவுச்சொல் மாற்றப்படாமல் கருவி இணையத்தில் திறந்து கிடந்ததே அவர்களுக்கு வழியானது. வெள்ளமும் புயலும் வரும்போது மக்கள் நம்பியிருக்கும் கருவி அது. கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற விடையைத் தேர்வில் குறிக்க எல்லோருக்கும் தெரியும். இந்தக் கருவி எந்த வலையமைப்பில் இருக்கிறது, வெளியிலிருந்து யாருக்கெல்லாம் தெரிகிறது என்று தன் நிலையத்தில் போய்க் கேட்பவரே பாடத்தைப் படித்தவர்.

அனுபவம் போதாதா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். அனுபவம் ஒருவரது நிலையத்தில் உள்ள கருவிகளைக் கற்றுத்தருகிறது. தேர்வு அங்கே இல்லாதவற்றையும் கேட்கிறது. உயர்மின்னழுத்தப் பெட்டிக்குள் கைவைக்கும் முன் மின்தேக்கிகளைத் தரையோடு இணைத்து வெறுமையாக்கும் பழக்கத்தை எந்த வினாத்தாளாலும் அளக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த அளவில் சான்றிதழ் முழுமையற்றதுதான். கைப்பழக்கத்தையும் கணக்கையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வைக்க முடியாது, இரண்டும் வேண்டும்.

எனவே தயாராகிறவர்கள் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு மாதிரித் தாளை எழுதிப் பாருங்கள். தவறான விடைகளோடு, சரியாக வந்தும் காரணம் சொல்ல முடியாத விடைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையான பாடத்திட்டம் அந்தப் பட்டியல்தான். ஒவ்வொன்றுக்கும் அடியில் இருப்பது டெசிபலா, ஓம் விதியா, எதிரொளிப்பா, பிட்களின் எண்ணிக்கையா என்று எழுதுங்கள். பிறகு எண்களை மாற்றி நீங்களே புதிய கேள்வியை உருவாக்குங்கள். நிலையத்தில் வேலை பார்ப்பவரானால் இன்றைய பதிவேட்டில் உள்ள மின்னோட்டத்தையும் திரும்பும் திறனையும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். மீட்டர் காட்டுவதும் உங்கள் விடையும் பொருந்தாவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை விடாதீர்கள். சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அதன் பிறகு புதுப்பித்தாக வேண்டும்.